ஷெட்டில் நிற்கும் காரும் பேட்டரி வாரண்டியும்

வாரண்டி இருக்கிறது, கொண்டுபோய்க் கொடுத்தால் புதுசு கிடைத்துவிடும் என்ற நினைப்பில் கடைக்குப் போனவர், இரண்டு நாள் கழித்து அதே பேட்டரியைத் தூக்கிக்கொண்டு திரும்புவது காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் அடிக்கடி நடக்கிறது. "சார்ஜ்தாண்ணே இறங்கியிருந்துச்சு. ஏத்தியாச்சு. பேட்டரி நல்லாத்தான் இருக்கு" என்பார் கடைக்காரர். பெரும்பாலும் அவர் சொல்வது சரியாகத்தான் இருக்கும். தயாரிப்புக் குறையால் கெட்டுப்போன பேட்டரிக்குத்தான் வாரண்டி. சார்ஜ் இறங்கிப்போன பேட்டரிக்குக் கிடையாது. கார்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் இது தெளிவாகவே அச்சாகியிருக்கும். உங்கள் பேட்டரி இந்த இரண்டில் எந்த ரகம் என்பதைக் கடைப்படி ஏறும் முன்பே தெரிந்துகொண்டு போனால், அலைச்சலில் பாதி மிச்சம்.

செட்டிநாட்டில் இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், புதுவயல் என்று எந்த ஊரை எடுத்தாலும் சொந்தக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்க, கார் மட்டும் ஊர் வீட்டு ஷெட்டில் நிற்கும். படைப்பு (முன்னோருக்குப் படைக்கும் குடும்பச் சடங்கு), கல்யாணம், பிள்ளையார் நோன்பு என்று வரும்போதுதான் வண்டியை எடுப்பார்கள். நின்றுகொண்டே இருக்கிற காரிலும் பேட்டரி செலவாகிக்கொண்டுதான் இருக்கிறது. சென்ட்ரல் லாக், அலாரம், கடிகாரம், இன்ஜின் கம்ப்யூட்டர் எல்லாம் சேர்ந்து சாவியை எடுத்த பிறகும் சுமார் 30 மில்லி ஆம்பியர் இழுக்கும் என்று வைத்துக்கொள்வோம். 50-க்குள் இருந்தால் குறையில்லை. 30 மில்லி ஆம்பியர் என்றால் ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர் அவர் (Ah, பேட்டரியில் இருக்கும் சார்ஜை அளக்கும் அலகு), ஒரு வாரத்துக்கு ஐந்து. சின்ன பெட்ரோல் கார்களில் இருப்பது 35 ஆம்பியர் அவர் பேட்டரி. ஐந்து வாரத்தில் அதில் 25 போய்விடும். மிச்சம் இருப்பதைக் கொண்டு ஸ்டார்ட்டர் சுற்றாது. இத்தனைக்கும் பேட்டரியில் ஒரு குறையும் இல்லை.

"வாட்ச்மேன் வாரம் ஒருமுறை ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் ஓடவிடுகிறாரே" என்பார்கள். ஐடிலில் ஐந்து நிமிடம் ஓடினால் உள்ளே போவது ஒன்று, ஒன்றரை ஆம்பியர் அவர். வாரத்தில் போனது ஐந்து. ஒவ்வொரு வாரமும் கடன் ஏறிக்கொண்டே போகிறது. ஸ்டார்ட் செய்தால் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ரோட்டில் ஓட்ட வேண்டும். பள்ளத்தூரிலிருந்து காரைக்குடி வந்து திரும்பினால்கூடப் போதும். ஓட்ட ஆள் இல்லையென்றால் ஸ்டார்ட்டே செய்யாமல் வேறு வழி பார்ப்பது நல்லது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

சார்ஜ் இறங்கிய நிலையிலேயே மாதக்கணக்கில் கிடந்தால் தகட்டில் படியும் லெட் சல்ஃபேட் கெட்டியாகிவிடும். அப்புறம் சார்ஜ் ஏற்றினாலும் அது முழுதாகக் கரையாது, பேட்டரியின் கொள்ளளவு நிரந்தரமாகக் குறைந்துவிடும். இதைத்தான் கடையில் "சல்ஃபேட் ஆயிருச்சு" என்பார்கள். இதுவும் பராமரிப்புக் குறைவு என்ற கணக்கில் வாரண்டிக்கு வெளியே போய்விடும். வெயில் இதற்கு மேல் ஒரு அடி. லெட் ஆசிட் பேட்டரிக்கு வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது இந்தத் தொழிலில் பொதுவாக வைத்திருக்கும் கணக்கு. தகரக் கூரை ஷெட்டில் சித்திரை, வைகாசி மாதங்களில் நிற்கிற கார் இதற்கு நேர் இலக்கு. கார் நிறுத்த ஓட்டுக் கூரையும் காற்றோட்டமும் உள்ள இடம் இருந்தால், தகர ஷெட்டை விட அதுவே பேட்டரிக்கு உகந்தது.

முதலில் வீட்டிலேயே பார்க்க வேண்டியது

டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று போதும், எலக்ட்ரிக்கல் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதற்கும் முன்னால் டெர்மினலைப் பாருங்கள். பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால், அல்லது கிளாம்ப் கையால் திருப்பினாலே சுற்றினால், கோளாறு அங்கேயே இருக்கலாம். கழற்றி, சமையல் சோடா கரைத்த வெந்நீரால் துடைத்து, உலரவிட்டு, இறுக்கி மாட்டிப் பாருங்கள். கண்ணிலோ மூடிக்குள்ளோ சோடாத் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்ளவும். இந்த ஒரு வேலையிலேயே பல "செத்த" பேட்டரிகள் எழுந்துவிடும்.

பிறகு வோல்ட்டேஜ். வண்டி ஓடி நின்று ஒரு ராத்திரியாவது ஆகியிருக்க வேண்டும். ஓடி நின்ற உடனே அளந்தால் கூடுதலாகக் காட்டும். 12.6-க்கு மேல் இருந்தால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால்வாசிதான் பாக்கி. 11 சொச்சம் என்றால் சுத்தமாக இறங்கிவிட்டது என்று பொருள், கெட்டுவிட்டது என்று பொருள் இல்லை. 10.5-ஐ ஒட்டி நின்றால் மட்டும் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். பேட்டரிக்குள் ஆறு செல், ஒவ்வொன்றும் 2.1 வோல்ட். முழு சார்ஜ் ஏற்றி, சில மணி நேரம் ஆறவிட்ட பிறகும் 10.5 காட்டினால் ஒரு செல் ஷார்ட் ஆகியிருக்கிறது. இது அசல் தயாரிப்புக் குறை. வாரண்டியில் சண்டையே இல்லாமல் ஏற்றுக்கொள்ளப்படுவது இதுதான்.

இன்னும் இரண்டு வகை அசல் குறை உண்டு. மீட்டரில் 12.5 காட்டும், ஹெட்லைட் போட்டதும் வோல்ட்டேஜ் அப்படியே தரைக்கு விழும். உள்ளே செல்களை இணைக்கும் பாலம் உடைந்திருக்கிறது. மற்றொன்று, முழு சார்ஜ் ஏற்றி, காரில் மாட்டாமல் தனியே மரப்பலகையில் வைத்தாலும் இரண்டே நாளில் 12.6-லிருந்து 12.2-க்கு இறங்குவது. வெளியே எதுவும் இழுக்காதபோது இறங்கினால் கசிவு பேட்டரிக்குள்ளேயே இருக்கிறது. இந்த இரண்டாவதைக் கடையில் யாரும் தானாகச் சோதிக்க மாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும்.

பேட்டரியின் மேல் சின்னக் கண்ணாடிக் கண் இருக்கும், பச்சையாக இருந்தால் நல்லது என்று போட்டிருப்பார்கள். அதை மட்டும் நம்ப வேண்டாம். அது ஆறில் ஒரு செல்லைத்தான் பார்க்கிறது. மற்ற ஐந்தில் ஒன்று செத்துக் கிடந்தாலும் கண் பச்சையாகவே இருக்கும்.

பேட்டரி பக்கவாட்டில் உப்பியிருந்தாலோ அழுகின முட்டை வாடை அடித்தாலோ ஜம்ப் ஸ்டார்ட் முயலாதீர்கள். உள்ளே ஹைட்ரஜன் வாயு சேர்ந்திருக்கும், ஒரு பொறி போதும்.

கடைக்குக் கிளம்பும் முன்

மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றுவது, ஆசிட் ஊற்றுவது இரண்டுமே வேண்டாம். இந்தப் பக்கம் பல வீடுகளில் முற்றத்தில் பிடித்து அண்டாவில் வைத்த மழைத்தண்ணீர் இருக்கும். சுத்தமான தண்ணீர்தானே என்று அதை ஊற்றிவிடுகிறவர்கள் உண்டு. ஓட்டுக் கூரை வழியாக வந்த தண்ணீரில் தூசியும் உப்பும் கலந்திருக்கும். மூடி திறக்கிற பேட்டரியாக இருந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான், அதுவும் வாரண்டி கேட்கப் போகிற நேரத்தில் வேண்டாம். மெக்கானிக் ஆசிட் சேர்த்துவிட்டால் அளவீடுகள் எல்லாம் குழம்பிப்போகும், கடைக்காரர் அதைக் காரணமாகக் காட்டித் தள்ளிவிடலாம்.

எடுத்துப்போகும் விதமும் முக்கியம். 35 ஆம்பியர் பேட்டரி ஏறக்குறைய 10 கிலோ இருக்கும். டீசல் வண்டிகளின் பெரிய பேட்டரி அதைவிட ஆறேழு கிலோ கூட. டி.வி.எஸ். எக்ஸ்.எல். முன்பக்கம் படுக்கப்போட்டுக் கட்டி எடுத்துப்போனால், வழியிலுள்ள ஸ்பீடு பிரேக்கர் ஒவ்வொன்றிலும் ஆசிட் மூடி வழியாகக் கசியும், மூலையில் விரிசல் விழும். பெட்டி உடைந்த பேட்டரிக்கு எந்த நிறுவனத்திலும் வாரண்டி கிடையாது. நிமிர்த்தி வைத்து, இரண்டு பக்கமும் சாக்கு கொடுத்து எடுத்துப்போக வேண்டும். இன்னும் நல்லது, கடைக்காரரைக் காரிருக்கும் இடத்துக்கே வரச்சொல்வது. பேட்டரி, அதற்கு இன்ஜின் ஓடும்போது சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் இரண்டையும் ஒரே இடத்தில் பார்த்துவிடலாம்.

கையில் இருக்க வேண்டியவை ஜி.எஸ்.டி. பில், கடை முத்திரை போட்ட வாரண்டி கார்டு, வண்டியின் ஆர்.சி. நகல். பேட்டரி மேல் பொறித்த சீரியல் எண்ணும் கார்டில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று எழுத்துக்கு எழுத்து ஒத்துப்பாருங்கள். அந்த எண்ணைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கார்டு இல்லாமல் பில்லும் தொலைந்துபோனால், சில நிறுவனங்கள் தயாரிப்புத் தேதியிலிருந்தே வாரண்டியைக் கணக்கிடுவார்கள், அதில் கடையில் ஸ்டாக் இருந்த மாதங்கள் போய்விடும். சில நிறுவனங்கள் அதுவும் தர மாட்டார்கள்.

இப்போது பல கடைகளில் கார்டுக்குப் பதில் மொபைலில் பதிவு செய்கிறார்கள். இங்கே ஒரு சிக்கல் அடிக்கடி வருகிறது. முதலாளி வெளியூரில் இருப்பார், பேட்டரி வாங்கியவர் டிரைவர், பதிவானது டிரைவரின் எண். இரண்டு வருஷம் கழித்து டிரைவர் வேறு வேலைக்குப் போயிருப்பார், ஓ.டி.பி. அவருக்குப் போகும். வாங்கும்போதே வீட்டுக்காரர் எண்ணைக் கொடுக்கச் சொல்லுங்கள். வண்டி எண்ணும் சரியாகப் பதிவாக வேண்டும். ஒரு காருக்கு வாங்கிய பேட்டரியை வேறு காருக்கு மாற்றினாலும், கல்யாண வீட்டில் லைட் செட்டுக்கோ இன்வெர்ட்டருக்கோ இணைத்தாலும் வாரண்டி போய்விடும். வாடகைக்கு ஓடும் மஞ்சள் போர்டு வண்டிகளுக்கு வாரண்டிக் காலம் குறைவு, சில மாடல்களுக்கு வாரண்டியே கிடையாது. கார்டில் அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

கடையில் என்ன சோதிப்பார்கள், நாம் எதைக் கவனிக்க வேண்டும்

முதலில் வெளித்தோற்றம். விரிசல், உப்பல், உருகிய டெர்மினல், சுரண்டிய சீரியல் எண். அடுத்து வோல்ட்டேஜ். சார்ஜ் குறைவாக இருந்தால் டிஜிட்டல் டெஸ்டர் "சார்ஜ் செய்து மறுபடி பார்" என்று காட்டும். இந்த இடத்தில் பொறுமை வேண்டும். சார்ஜ் ஏற்றாமல் செய்த எந்தச் சோதனைக்கும் மதிப்பில்லை. அது நமக்குச் சாதகமாக இருந்தாலும் நிறுவனத்தின் சர்வீஸ் இன்ஜினியர் ஏற்க மாட்டார்.

சார்ஜ் ஏற்றும் வேகத்தைக் கேளுங்கள். கொள்ளளவில் பத்தில் ஒரு பங்குதான் முறை. 35 ஆம்பியர் அவர் பேட்டரிக்கு 3.5 ஆம்பியரில் 12 மணி நேரமாவது ஆகும், அடியோடு இறங்கியிருந்தால் இன்னும் கூடும். கூட்டம் அதிகமான நாளில் 15, 20 ஆம்பியரில் ஒரு மணி நேரம் ஏற்றிவிட்டு "ஓ.கே." சொல்லிவிடுவார்கள். அது தகட்டின் மேல்பரப்பில் மட்டும் நிற்கும் சார்ஜ், அன்றைக்குச் சோதனையில் தேறும், மூன்றாம் நாள் வண்டி கிளம்பாது. அதனால்தான் ஒரு நியாயமான சோதனைக்கு இரண்டு, மூன்று நாள் பிடிக்கிறது. அதுவரை ஓட்டுவதற்கு ஸ்டாண்ட்-பை பேட்டரி கேளுங்கள். பெரும்பாலான டீலர்களிடம் அதற்கென்றே பழைய பேட்டரிகள் இருக்கும், கேட்காதவர்களுக்குத் தர மாட்டார்கள்.

மூடி திறக்கிற பேட்டரி என்றால், ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் சோதனை உண்டு. பக்கத்தில் நின்று பாருங்கள். ரப்பர் குமிழை அழுத்தி ஆசிட்டை உறிஞ்ச, கண்ணாடிக் குழாய்க்குள் சின்ன மிதவை எழும்பி ஆடி நிற்கும். ஆசிட் மட்டம் தொடும் கோட்டைப் படிக்க வேண்டும், கண் அந்த மட்டத்துக்கு நேராக இருக்க வேண்டும். முழு சார்ஜில் நிறுவனத்தைப் பொறுத்து 1.240-லிருந்து 1.280 வரை இருக்கும். எண் எவ்வளவு என்பதைவிட ஆறு செல்லும் ஒன்றுபோல இருக்கிறதா என்பதே முக்கியம். 1.240, 1.235, 1.240, 1.110, 1.240, 1.235 என்று வந்தால் நான்காவது செல் போய்விட்டது. ஒன்றுக்கொன்று 0.050-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் அது செல் கோளாறு. ஆறும் சேர்ந்தே 1.150-இல் நின்றால் அது வெறும் சார்ஜ் குறைவோ சல்ஃபேட்டோதான். இந்த ஆறு எண்ணையும் கார்டின் ஓரத்தில் எழுதச் சொல்லுங்கள், அல்லது நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். மின்வேதியியலுக்கென்றே ஆராய்ச்சி நிலையம் உள்ள ஊர் காரைக்குடி. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1953-இல் திறக்கப்பட்ட சிக்ரி அது. அங்கே அடர்த்திக்கும் சார்ஜுக்கும் உள்ள உறவை விரித்துப் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். நம் வாரண்டி வழக்கைத் தீர்க்க இந்தக் கண்ணாடிக் குழாயின் ஆறு எண்களே போதும்.

மூடி இல்லாத சீல் பேட்டரியில் இந்தச் சோதனை முடியாது. அங்கே லோடு டெஸ்டர்தான். பேட்டரி மேல் எழுதியுள்ள சி.சி.ஏ. எண்ணில் (குளிரிலும் ஸ்டார்ட் செய்யத் தரக்கூடிய ஆம்பியர்) பாதியளவு மின்சாரத்தை 15 வினாடி இழுப்பார்கள். 9.6 வோல்ட்டுக்கு மேல் நின்றால் தேறியது, கீழே விழுந்தால் தேறவில்லை. டிஜிட்டல் டெஸ்டராக இருந்தால் அதில் சரியான சி.சி.ஏ. எண்ணைப் போட்டிருக்கிறாரா என்று பாருங்கள். முந்தைய வாடிக்கையாளர் பேட்டரியின் எண் அப்படியே கிடந்தால் முடிவு தலைகீழாகும். சீட்டு அச்சிட்டு வந்தால் போட்டோ எடுத்துவிடுங்கள், அந்தத் தாள் வெயிலில் சீக்கிரம் வெளுத்துவிடும்.

சோதனையில் குறை உறுதியானால் டீலர் நிறுவனத்தின் இணையப் பதிவில் ஏற்றிப் புகார் எண் வாங்குவார். அந்த எண்ணை வாங்காமல் பேட்டரியை விட்டுவிட்டு வராதீர்கள். சின்ன கார்களின் பேட்டரி ஊரிலேயே ஸ்டாக் இருக்கும். பெரிய டீசல் வண்டிகளுக்கானது பெரும்பாலும் மதுரையிலிருந்தோ திருச்சியிலிருந்தோதான் வரும். சென்னையில் வாங்கிய பேட்டரிக்கும் இங்கேயே கேட்கலாம். நாடு முழுதும் செல்லும் வாரண்டி என்று கார்டில் போட்டிருந்தால், அந்த நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற எந்த டீலரும் வாங்கிக்கொள்ள வேண்டும். "எங்ககிட்ட வாங்கலையேண்ணே" என்று ஒருவர் இழுத்தால், கார்டில் உள்ள வாடிக்கையாளர் சேவை எண்ணுக்குப் பேசி அங்கிருந்தே புகாரைப் பதியச் சொல்லுங்கள். அதன் பிறகு அந்த டீலரே கூப்பிடுவார்.

புதுக் காரோடு வந்த பேட்டரி என்றால் கணக்கு வேறு. கடையில் வாங்கும் பேட்டரியின் வாரண்டிக் காலமும் காரோடு வரும் பேட்டரியின் காலமும் ஒன்றல்ல. கார் விற்ற ஷோரூமின் சர்வீஸ் சென்டரில்தான் தொடங்க வேண்டும், காரின் இன்வாய்ஸையும் சர்வீஸ் புத்தகத்தையும் கொண்டுபோக வேண்டும்.

இலவச மாற்று, ப்ரோ-ரேட்டா

பேட்டரி மேல் 24+24, 18+18 என்று போட்டிருப்பதில் முதல் எண் இலவச மாற்றுக்கான மாதங்கள். இரண்டாவது, கழிவு விலையில் புதுசு வாங்கும் மாதங்கள், இதற்குத்தான் ப்ரோ-ரேட்டா என்று பெயர். மொத்தம் 48 மாத வாரண்டி என்று விளம்பரத்தில் பார்த்துவிட்டு நாற்பதாவது மாதம் இலவசமாகக் கேட்கப் போகிறவர்கள் ஏமாந்துபோவது இங்கேதான்.

இலவசமாக மாற்றித் தரும் பேட்டரிக்குப் புது வாரண்டி கிடையாது, பழையதின் மிச்சக் காலம்தான். 2024 மார்ச் 10-இல் வாங்கிய 24+24 பேட்டரி 2025 நவம்பரில் மாற்றப்பட்டால், மாற்றுப் பேட்டரிக்கு இலவசக் காலம் 2026 மார்ச் 9 வரைதான். அந்தத் தேதியையும் புது சீரியல் எண்ணையும் கார்டில் எழுதி முத்திரை வாங்குங்கள். இதை விட்டால் அடுத்த முறை எண் ஒத்துப்போகவில்லை என்ற பதில்தான் வரும்.

ப்ரோ-ரேட்டாவில் கழிவு எம்.ஆர்.பி.யின் மேல் கணக்கிடப்படும். மாதம் ஏற ஏறக் கழிவு குறையும். கடைகளில் சாதாரணமாகவே பேட்டரியை எம்.ஆர்.பி.க்குக் கீழேதான் விற்கிறார்கள், பழைய பேட்டரிக்கும் ஒரு விலை தருவார்கள். கணக்குக்கு ஒரு எண் வைத்துப் பார்ப்போம். எம்.ஆர்.பி. 6,000. உங்களுக்கான கழிவு 20 சதவீதம் என்றால் 4,800 கட்ட வேண்டும், பழைய பேட்டரியும் போய்விடும், அதற்குத் தனியாகக் காசு கிடையாது. அதே பேட்டரியைக் கடையில் 5,000-க்கு விற்று, பழசுக்கு 700 கழிக்கிறார் என்றால் 4,300-தான். வாரண்டியைப் பயன்படுத்தியதால் 500 ரூபாய் நஷ்டம். கழிவு 40, 50 சதவீதம் இருக்கும் ஆரம்ப மாதங்களில்தான் ப்ரோ-ரேட்டாவில் நல்ல லாபம். கையெழுத்துப் போடும் முன் இரண்டு விலையையும் கேட்டுவிடுங்கள். ப்ரோ-ரேட்டாவில் வாங்கும் பேட்டரிக்கு முழுப் புது வாரண்டி உண்டா என்பதையும் அப்போதே கேட்டுப் பில்லில் எழுதி வாங்குங்கள்.

மாற்றுப் பேட்டரியை வாங்கும்போது

மாற்றாக வருவது நீண்ட நாள் கிடங்கில் கிடந்ததாக இருக்கக்கூடாது. தயாரிப்பு மாதத்தைக் கேளுங்கள், மீட்டரில் 12.5-க்குக் கீழே இருந்தால் சார்ஜ் ஏற்றித் தரச் சொல்லுங்கள். மாடல் எண்ணின் கடைசியில் எல் அல்லது ஆர் என்று இருந்தால் அது டெர்மினல் எந்தப் பக்கம் என்பதைச் சொல்கிறது. 38பி20எல் இருந்த இடத்தில் 38பி20ஆர் வந்தால் கேபிள் எட்டாது, இழுத்து மாட்டினால் பின்னால் தொல்லை. சிக்னலில் தானாக நின்று கிளம்பும் வசதியுள்ள காருக்கு இ.எஃப்.பி. அல்லது ஏ.ஜி.எம். வகைதான் வேண்டும். சாதாரணப் பேட்டரியைப் போட்டால் சீக்கிரம் போகும், தவறான பயன்பாடு என்று வாரண்டியும் போகும்.

கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது பாசிட்டிவ் முதலில். பத்தாம் நம்பர் ஸ்பேனர் போதும். பேட்டரியைப் பிடித்திருக்கும் கிளாம்பை இறுக்கினாரா என்று கையால் ஆட்டிப் பாருங்கள். அதிர்வில் தகடு உதிர்வது இந்த ஒரு போல்ட்டை விட்டுவிடுவதால்தான். டெர்மினலில் பெட்ரோலியம் ஜெல்லி மெலிதாகத் தடவலாம், கிரீஸ் வேண்டாம். பிறகு இன்ஜினை ஓடவிட்டு டெர்மினலில் அளந்தால் 13.8-லிருந்து 14.4 வரை வர வேண்டும். புது வண்டிகளில் ஆல்டர்னேட்டர் தேவைக்கேற்ப ஏற்றி இறக்கும், ஹெட்லைட்டும் ஏசி புளோயரும் போட்டால் பெரும்பாலும் 14-க்கு வந்துவிடும். 15-ஐத் தொட்டால், வோல்ட்டேஜைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டர் கெட்டிருக்கிறது. பழைய பேட்டரியைக் கொன்றதே அதுவாக இருக்கலாம், புதுசையும் கொல்லும்.

மறுத்துவிட்டால்

"ஓவர் சார்ஜ் ஆகியிருக்கு, வாரண்டி வராது" என்று சொன்னால், ஆல்டர்னேட்டர் வோல்ட்டேஜை உங்கள் கண்முன்னே அளந்து காட்டச் சொல்லுங்கள். 14.4-க்குள் இருந்தால் அந்தக் காரணம் நிற்காது. எந்தக் காரணமாக இருந்தாலும் வாய்ச்சொல்லாக விட்டுவிடாமல், அளவீடுகளோடு எழுத்தில் கேளுங்கள். எழுதித் தரச் சொன்னதும் மறுபரிசீலனைக்கு இறங்கிவருகிறவர்கள் உண்டு. அதன் பிறகு நிறுவனத்தின் சேவை எண்ணில் புகார், சர்வீஸ் இன்ஜினியர் நேரில் பார்க்க வேண்டும் என்ற கோரிக்கை. அதுவும் பலிக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கடைசிப் படி மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர்க்காரர்களுக்குச் சிவகங்கை, பொன்னமராவதிக்காரர்களுக்குப் புதுக்கோட்டை. 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். ஒரு பேட்டரிக்காக இவ்வளவு தூரம் போக வேண்டி வருவது அபூர்வம். சீட்டும் ஆறு எண்களும் கையில் இருந்தால் 1915-உடனேயே பெரும்பாலும் முடியும்.

திரும்ப ஷெட்டில் நிறுத்தப்போகிற காருக்கு

மாற்றுப் பேட்டரி வந்ததும், எதனால் முதலாவது இறங்கியது என்று பாருங்கள். மல்டிமீட்டரை 10 ஆம்பியர் நிலையில் வைத்து, நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் டெர்மினலுக்கும் நடுவே இணைக்க வேண்டும். அதற்கு முன் பானெட்டைத் திறந்தே வைத்து, கதவுகளையெல்லாம் பூட்டிவிடுங்கள். இணைத்ததும் சில ஆம்பியர்கூடக் காட்டும், பயப்பட வேண்டாம். அரை மணி நேரத்தில் கம்ப்யூட்டர்கள் உறங்கிய பிறகு நிற்கும் எண்தான் கணக்கு. மீட்டர் இணைத்திருக்கும்போது ஸ்டார்ட் செய்யவோ ஹெட்லைட் போடவோ கூடாது, மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். 50 மில்லி ஆம்பியருக்கு மேல் இருந்தால் காரின் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்க்க வேண்டும். எண் எதில் சட்டென்று இறங்குகிறதோ அந்த வழியில்தான் கசிவு. பெரும்பாலும் வெளியே போட்ட ஜி.பி.எஸ்., டாஷ் கேமரா, பழைய மியூசிக் சிஸ்டம் இவைதான் பிடிபடும்.

ஒரு மாதத்துக்கு மேல் வண்டி நிற்கும் என்றால், முழு சார்ஜ் செய்துவிட்டு நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, துணி சுற்றி ஒதுக்கி வைப்பதே சிறந்த வழி. கடிகாரமும் ரேடியோ நிலையங்களும் அழியும், கண்ணாடி ஏற்றும் ஆட்டோ வசதியை மறுபடி பழக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். கழற்றும் முன் கதவுச் சாவி கையால் திரும்புகிறதா என்று ஒருமுறை சோதியுங்கள். வருஷக்கணக்கில் ரிமோட்டே பயன்படுத்திய கார்களில் சாவித்துளை துருவேறிக் கிடக்கும். பேட்டரி டிக்கியில் இருக்கும் கார்களில், டிக்கிப் பூட்டு மின்சாரத்தில் மட்டும் திறப்பதாக இருந்தால் இந்த முறை வேண்டாம். ஷெட்டில் பிளக் பாயிண்ட் இழுத்து, 13.5 வோல்ட்டை ஒட்டி நிறுத்திப் பிடிக்கும் ஃப்ளோட் சார்ஜரைப் போட்டுவிடுங்கள். சாதாரண ஒர்க்‌ஷாப் சார்ஜரை அப்படி மாட்டிவிட்டு ஊருக்குப் போகக்கூடாது. அது நிறுத்தத் தெரியாமல் ஏற்றிக்கொண்டே இருந்து தண்ணீரை வற்ற வைத்துவிடும்.